மௌனமும் மோசடியும்

சட்டம் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளை, மறுபடியும் வியாபார நிர்வாகம் படிக்கப் போகிறேன் என்றால், நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, “அப்படியானால் இத்தனை வருஷப் படிப்பும் வீண்தானா?” என்பதுதான். செலவான பணத்தை எண்ணிக் கேட்கும் கேள்வி அது. படித்த சட்டத்தை அவன் எதற்குக் கொண்டுபோகிறான் என்று யாரும் கேட்பதில்லை.

செங்கற்பட்டில் 2002-இல் அரசு சட்டக் கல்லூரி வந்தது. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறினால் மாமல்லபுரம். அதையும் தாண்டி மணமையில், 2004-இல் சென்னையில் தொடங்கிப் பின்னர் அங்கே குடிபெயர்ந்த கிரேட் லேக்ஸ் நிர்வாகக் கல்லூரி இருக்கிறது. ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிட்டு வீடு திரும்பிவிடலாம்.

வக்கீல் வியாபாரத்தில் இறங்குவது இழிவு என்று நான் நினைக்கவில்லை. 1906-இல் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. வக்கீல்தானே! தொழில் செய்யும் வக்கீல் தாமே வியாபாரம் நடத்தக் கூடாது என்கிறது பார் கவுன்சிலின் இன்றைய விதி. அந்தக் கணக்கில் அவரும் கறுப்புக் கோட்டைக் கழற்ற வேண்டியிருந்திருக்கும். கோட்டைக் கழற்றுவது எளிது. கற்றதைக் கழற்ற முடியுமா?

கோர்ட்டில் வக்கீல் தம் கட்சியை மட்டும் பேசலாம். எதிரே இன்னொரு வக்கீல் உண்டு. மேலே நீதிபதி உண்டு. கம்பெனி அறையில் எதிரே யார்?

மாமல்லபுரத்துக்கு அருகே ஒரு மீனவர் குப்பத்தில் ஓட்டல் கம்பெனி ஒன்று மனை வாங்க வருவதாக வைத்துக்கொள்வோம். 1991-ஆம் வருஷத்துக் கடற்கரை அறிவிப்பு, கிராமப்புறக் கரையில் அலையேற்றக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குக் கட்டடம் கூடாது என்றது. 2019-இல் வந்த அறிவிப்பு, ஜனநெருக்கம் மிகுந்த இடங்களில் அதை 50 மீட்டராகக் குறைக்க வழி செய்தது. மனைக்காரருக்குப் பழைய விதிதான் தெரியும். கட்ட முடியாத மண் என்று நினைத்து அற்ப விலை சொல்கிறார். வாங்க வந்த நம் பிள்ளைக்குப் புதிய விதியும் தெரியும். சொல்வதா, சும்மா இருப்பதா?

இது பழைய வழக்கு. பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வியாபாரி தானியக் கப்பலோடு வருகிறான்; பின்னால் வேறு கப்பல்களும் வருவது அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விற்கலாமா என்று இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ரோமாபுரியில் ஸிஸரோ விசாரித்து, மறைப்பது தகாது என்று தீர்த்தார்.

நம் ஒப்பந்தச் சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. பேச வேண்டிய கடமை இல்லாதபோது வெறும் மௌனம் மோசடியாகாது என்கிறது, 1872-இல் இயற்றிய அந்தச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. சட்டம் படிக்காத வியாபாரி அரைகுறையாய் அறிந்து கூசுகிற இடத்தில், படித்தவன் பிரிவு எண்ணோடு தைரியமாக மௌனம் சாதிக்கலாம். எனக்குப் பயமே இங்கேதான். அரசாங்கக் கல்லூரியில் ஊரார் வரிப்பணத்தில் கற்ற சட்டம், அந்த ஊராருக்கே எதிராகப் பேசாமல் இருக்க உதவுகிறதே!

முதலாளிக்கு விசுவாசம் வேண்டாமா என்பீர்கள். வேண்டும். ஆகவே முதலில் முதலாளியிடம் சொல்லட்டும்: “அவருக்கு விதி தெரியாது, சொல்லிவிட்டுத்தான் விலை பேசுவேன்.” மனை கைநழுவலாம். “இதற்கா உனக்குச் சம்பளம்?” என்று அவர் கேட்கவும் கூடும். பத்திரம் எழுதுமுன், அதற்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும்.