பாத்தியதை

ஒரு குழந்தையை இரண்டு பேர் தன்னுடையது என்று சொல்லும் கதைகள் பல தேசங்களில் இருக்கின்றன. சாலமோன் ராஜா வாளை எடுக்கச் சொன்னான். ஜாதகக் கதையில் மகோசதன் தரையில் கோடு கிழித்து, நடுவில் குழந்தையைக் கிடத்தி, இருவரையும் இழுக்கச் சொன்னான். பிரெக்ட் தன் நாடகத்தில் இதைத் தலைகீழாக்கினார்: சுண்ணாம்பு வட்டத்தில் நிற்கும் குழந்தையின் கையை விட்டுவிடுகிறவள் அதை வளர்த்த வேலைக்காரி, பெற்றவள் இழுக்கிறாள். முடிவு மாறினாலும் மூன்றிலும் ஓர் அனுமானம் மாறவில்லை. இருவரில் ஒருத்தியின் அன்பு பொய். பொய்யைக் கண்டுபிடித்துவிட்டால் நியாயம் கிடைத்துவிடும். இரண்டு அன்புமே மெய்யாக இருந்தால் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. இருவரும் கையை விட்டுவிடுவார்கள், அல்லது இருவரும் விடமாட்டார்கள். தாயை இழந்த குழந்தைக்காகச் சித்தியோ பாட்டியோ தகப்பனுக்கு எதிராகக் கோர்ட் படி ஏறும்போது பல சமயம் நிலைமை இதுதான். தீர்ப்பு யார் பக்கம் போயிற்று என்பதைவிட, அவர்கள் அங்கே எதைக் கேட்கிறார்கள் என்பது எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு பழைய வழக்கு இருக்கிறது. அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் இருந்த நாராயணய்யா, தாயில்லாத தன் மகன்கள் கிருஷ்ணமூர்த்தி, நித்யானந்தம் இருவரின் பொறுப்பையும் 1910-இல் அன்னி பெசன்டிடம் எழுதிக் கொடுத்தார். பெசன்ட் பையன்களை இங்கிலாந்துக்கு அழைத்துப்போனார். 1912-இல் தகப்பன் அவர்களைத் திருப்பிக் கேட்டு செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் வழக்குப் போட்டார். (நான் குடியிருக்கும் வேலப்பன்சாவடியும் அன்று அந்த ஜில்லாவில்தான் இருந்தது, திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல்.) வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. பெசன்ட் தாமே வாதாடினார். நாராயணய்யா பக்கம் சி. பி. ராமசாமி ஐயர். 1913-இல் தகப்பன் ஜெயித்தார், அப்பீலிலும் ஜெயித்தார். 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது.

அது சொன்ன காரணங்களைக் கவனிக்க வேண்டும். வளர்த்ததால் பெசன்டுக்கு உரிமை பிறந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. தகப்பனின் பொறுப்பு ஒரு நம்பிக்கைச் சொத்து மாதிரி, அவன் அதைப் பிறரிடம் ஒப்படைத்தாலும் திரும்பப் பெறலாம் என்பதே அதன் பொதுவான கருத்து. ஆனால் இங்கிலாந்தில் இருக்கும் பையன்களைப் பற்றி வழக்கு வந்த வழி சரியில்லை; அவர்கள் தரப்பு கோர்ட் முன்னால் இல்லை; அவர்களுடைய விருப்பத்தை யாரும் விசாரிக்கவும் இல்லை. குழந்தைகளைப் பற்றிய வழக்கில் குழந்தைகளைக் கேட்கவேண்டும் என்பது கடைசிப் படியில்தான் நினைவுக்கு வந்தது.

பெசன்ட் உறவினர் அல்ல. உறவினருக்குச் சட்டம் எந்த இடத்தைக் கொடுத்திருக்கிறது என்று பார்த்தால், 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டத்தின் 8-ஆவது பிரிவில் அவர் ‘உறவினர் அல்லது நண்பர்’ என்று இடம்பெறுகிறார். மைனருக்குக் காப்பாளர் வேண்டும் என்று மனுப் போட இவருக்குத் தகுதி உண்டு. 17-ஆவது பிரிவு குழந்தையின் வயது, பால், மதம், காப்பாளரின் குணம், உறவின் நெருக்கம், இறந்த பெற்றோரின் விருப்பம் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. விவரம் தெரிந்த குழந்தையானால் அதன் விருப்பத்தையும் பார்க்கலாம் என்கிறது. 19-ஆவது பிரிவு இந்தக் கதவை ஏறக்குறையச் சாத்திவிடுகிறது. தகப்பன் உயிரோடு இருந்து, தகுதியற்றவன் என்று கோர்ட் கருதாதவரை, வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க முடியாது. (2010-இல் ‘தாயும்’ என்று சேர்த்தார்கள்.) 1956-ஆம் வருஷத்து இந்துச் சட்டம் குழந்தையின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் இத்தகைய வழக்குகள் எல்லாம் நடக்கின்றன.

எங்கள் தெருவில் தையல் தைத்துப் பிழைக்கும் ஒரு பெண் இப்படி ஒரு வழக்கில் இருக்கிறாள். அக்கா இறந்தபோது குழந்தைக்கு எட்டு மாதம். இப்போது ஆறு வயது. தகப்பன் மறுமணம் செய்துகொண்டு, குழந்தையைக் கேட்கிறான். அவன் கெட்டவன் அல்ல. மாதாமாதம் பணம் அனுப்பியவன், ஞாயிற்றுக்கிழமைகளில் திருவேற்காடு கோயிலுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவன். இங்கிலீஷில் இருந்த மனுவை அவளுக்கு நான் படித்துச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, “இதுல நான் அவளுக்கு யாருன்னு எங்க சார் போட்டிருக்கு?” என்றாள். ‘தாய்வழி உறவினர்’ என்ற இடத்தைக் காட்டினேன். “உறவினர்னா கல்யாணத்துக்கு வந்துட்டுப் போறவங்க இல்லயா சார்?” என்றாள்.

இது வெறும் மொழிபெயர்ப்புப் பிரச்னை அல்ல. தமிழில் தாயின் தங்கை சித்தி, சின்னத் தாய். தாயின் அக்கா பெரியம்மா. தாய் என்ற ஸ்தானத்தையே அளவு பிரித்துப் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறது மொழி. தகப்பனின் இரண்டாம் மனைவிக்கும் அதே பெயர்தான். அந்தக் குழந்தைக்கு இப்போது இரண்டு சித்திகள். இருவரையும் ஒரே சொல்லால் கூப்பிடுகிறது. இந்த ஒற்றுமை தற்செயலானது என்று தோன்றவில்லை. மனைவி இறந்தால் அவள் தங்கையையே கட்டிவைப்பது பல குடும்பங்களில் வழக்கம். குழந்தைக்கு வேற்று மனுஷி வரக்கூடாது என்பதே சொல்லப்பட்ட நியாயம். அதாவது நம் சமூகம் இந்தக் கஸ்டடி வழக்கைக் கல்யாணத்தால் தீர்த்துவந்திருக்கிறது; வழக்குச் செலவைத் தங்கை தன் வாழ்க்கையால் கட்டினாள். புதுமைப்பித்தனின் ‘சிற்றன்னை’யை ஆதாரமாகச் சொல்லி மகேந்திரன் 1979-இல் எடுத்த ‘உதிரிப்பூக்க’ளில், நோயாளி மனைவி உயிரோடு இருக்கும்போதே அவள் தங்கைமேல் ஒருவன் கண்வைக்கிறான். வழக்கத்தின் உள்முகம் அங்கே தெரிகிறது. மனைவியாகாமல் தாயாக இருக்க விரும்பும் தங்கைக்கு அந்த வழக்கத்தில் இடமில்லை. சட்டத்திலும் அவள் ‘உறவினர் அல்லது நண்பர்’தான்.

ஆனால் அவளுடைய தரப்பை எப்படிச் சொல்வது? நிலத்தில் அனுபவ பாத்தியதை என்று ஒன்று உண்டு. பிறருடைய தனியார் நிலத்தை 12 வருஷம் வெளிப்படையாக, தடையில்லாமல், சொந்தக்காரனுக்கு எதிராக அனுபவித்தவன் அதற்கு உரிமை கோரலாம். பூந்தமல்லி சாலையில் மனை விலை ஏறியதிலிருந்து டீக்கடையில்கூட இந்தச் சொல் அடிபடுகிறது. ‘ஐந்து வருஷம் நான் வளர்த்தேன்’ என்று சொல்லும்போது சித்தி தன்னையறியாமல் இந்தத் தர்க்கத்தைக் கையிலெடுக்கிறாள். இது ஆபத்தானது. 2019-இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்த மகாராஷ்டிர வழக்கில், தாய்க்குப் புற்றுநோய், தகப்பனும் நோயில் விழுந்தார், கைக்குழந்தை தாயின் சகோதரி வீட்டுக்குப் போயிற்று. தாய் இறந்தபின் தகப்பன் குழந்தையைக் கேட்டார், உறவினர்கள் மறுத்தார்கள். கோர்ட் தகப்பனிடம் கொடுத்தது. நெருக்கடியில் பிறர் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்காகத் தகப்பனுக்குக் குழந்தை இல்லாமல் போகாது என்பது அதன் சாரம். எனக்கு இது சரியாகவே படுகிறது. கைமாற்றாகக் கொடுத்தது திரும்பாது என்றால், நோயில் கிடக்கிறவன் தன் குழந்தையை யாரிடமும் கொடுக்கமாட்டான். உறவு என்பதே அவநம்பிக்கையாகிவிடும்.

அப்படியானால் குழந்தை அடகுப் பொருளா? நான் வேலை பார்க்கும் வங்கியில் தினமும் நகை எடைபோட்டு வாங்கி, அதே எடையில் திருப்பிக் கொடுக்கிறோம். உள்ளே போன சங்கிலிதான் வெளியே வருகிறது. குழந்தை அப்படி வராது. எட்டு மாதத்தில் கொடுத்தது வேறு, ஆறு வயதில் கேட்பது வேறு. நடுவில் அது பேசக் கற்றது, யார் குரல் கேட்டால் தூங்குவது என்று கற்றது. தகப்பன் கொடுத்த குழந்தை இப்போது எங்கும் இல்லை. அவன் கேட்பது சித்தி வளர்த்த குழந்தையை. அனுபவ பாத்தியதை, அடகு இரண்டு தர்க்கங்களும் ஒரே இடத்தில் உடைகின்றன: குழந்தையைக் காலம் தொடாத ஒரு பொருளாக எண்ணும் இடத்தில்.

கோர்ட்டுகள் இதை அறியாதவை அல்ல. 2008-இல் ஒரு கல்கத்தா வழக்கில், மனைவியின் மரணம் தொடர்பாகக் குற்றம் சாட்டப்பட்டிருந்த தகப்பனிடம் சிறுவனைக் கொடுக்க மறுத்து, தாய்வழித் தாத்தா பாட்டியிடமே விட்டது சுப்ரீம் கோர்ட். நீதிபதிகள் சிறுவனை அழைத்துப் பேசினார்கள். தகப்பனிடம் போகமாட்டேன் என்றான். 2022-இல் வந்தது வேறு மாதிரி. கொரோனா இரண்டாம் அலையில் பெற்றோர் இருவரையும் இழந்த ஆறு வயதுப் பையனுக்காகத் தந்தைவழித் தாத்தா பாட்டியும் தாயின் சகோதரியும் வழக்காடினார்கள். குஜராத் ஹைகோர்ட் சித்தியின் வயதையும் அரசு உத்தியோகத்தையும் கூட்டுக்குடும்பத்தையும் கணக்கிட்டு அவளிடம் கொடுத்தது. வருமானமும் வயதும் மட்டும் அளவுகோல் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. அது நல்ல வாக்கியம். ஆனால் கூடவே, நம் சமூகத்தில் தந்தைவழித் தாத்தா பாட்டியே பேரனை மேலாகப் பார்த்துக்கொள்வார்கள் என்ற கருத்தையும் அது எழுதியது. ஒரு கூட்டல் கணக்கை அழித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பழமொழியை வைத்த மாதிரி இருக்கிறது.

சித்தி கேட்பது உரிமை அல்ல என்று நினைக்கிறேன். அவளுக்குக் குழந்தைமேல் பாத்தியதை கிடையாது. குழந்தைக்குத்தான் அவள்மேல் பாத்தியதை இருக்கிறது. பசித்தபோது போனது, அழுதபோது போனது, போனால் கிடைக்கும் என்று ஆயிரக்கணக்கான முறை ருசுவானது. அந்தப் பழக்கம் குழந்தையின் சொத்து. அதை ஒரே நாளில் பறிக்கத் தகப்பனுக்கும் உரிமையில்லை. தனக்கென்று வைத்துக்கொள்ளச் சித்திக்கும் இல்லை. அவள் மனுவில் ‘எனக்கு வேண்டும்’ என்ற வாக்கியம் இருக்கும்வரை 19-ஆவது பிரிவு அவளைத் தோற்கடிக்கும், அது நியாயமும்கூட. ‘இவளுக்கு நான் தேவைப்படுகிறேன், எவ்வளவு காலம், எந்த அளவுக்கு என்று விசாரியுங்கள்’ என்று கேட்டால் வழக்கே வேறாகிவிடும். சட்டம் அலட்சியமாகப் போட்டுவைத்த ‘நண்பர்’ என்ற சொல்லுக்கு அப்போது அர்த்தம் வருகிறது.

இது அவளைத் தியாகியாக்கும் யோசனை அல்ல. தியாகம் செய்யும் தங்கையை நம் வழக்கம் வேண்டிய அளவு பார்த்துவிட்டது. தகப்பன் ஜெயித்தால் எத்தனை மாதத்தில், எத்தனை ராத்திரிகளில் குழந்தை வீடு மாறும்? பழைய வீட்டுக்கு அது வந்துபோவது தகப்பனின் தயவாலா, உத்தரவாலா? அவளுக்கும் அவனுக்கும் பொதுவாக இருக்கும் கேள்விகள் இவை. 2019 தீர்ப்பிலும் தாய்வழி உறவினர் குழந்தையைப் பார்க்க வழி செய்யப்பட்டது. அதைச் சலுகையாகக் கருதாமல் தீர்ப்பின் மையமாகக் கருதலாம். எங்கள் தெருப் பெண்ணிடம் இவ்வளவையும் சொல்ல முடியவில்லை. வக்கீலிடம் சொல்லி ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: குழந்தை அவளை எப்படிக் கூப்பிடுகிறது என்பதை, தமிழிலேயே.