பழைய பேனையும் நியாய விலையும்

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை நீளும் நமது கரையோரத்தில், மாதச் சம்பளத்தில் வாழும் ஓர் ஆசிரியர் பழைய ஊற்றுப்பேனைகளைச் சேர்க்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, கடன் யாவும் போக அவர் கையில் மாதம் மூவாயிரம் ரூபாய் மிஞ்சுகிறது. அதை எவ்வாறு செலவிடுவது? பெயர் பெற்ற ஒரேயொரு பேனைக்காகப் பல மாதங்கள் சேமிப்பதா? பழைய சாமான் கடைகளில் அகப்படுவதையெல்லாம் வாங்கிக் குவிப்பதா? இதுவும் ஒரு பிரச்சினையா என்று நண்பர்கள் சிலர் முறுவலிக்கக்கூடும். பிரச்சினைதான் என்பது நம் கருத்து. செல்வன் வாங்கும்போது அவனுடைய ருசி மட்டுமே தெரிகிறது. கையில் குறைந்த பணமுள்ளவனோ ஒன்றைத் தெரிந்தெடுக்கும்போது மற்றொன்றைக் கைவிட்டாக வேண்டும். எதைக் கைவிடுகிறான், யாரைக் கைவிடுகிறான் என்ற கேள்வி அங்கேயே பிறந்துவிடுகிறது.

சேகரித்தல் என்பதே வசதி படைத்தோரின் விளையாட்டு என்ற வாதத்தில் நாம் நெடுநேரம் தங்கப்போவதில்லை. ஜெர்மானிய சோஷலிஸ்டான எடுவர்ட் பூக்ஸ் கேலிச்சித்திரங்களை ஆயிரக்கணக்கில் சேர்த்தார். அவற்றை ஆதாரமாகக் கொண்டே சமூக வரலாறு எழுதினார். 1933இல் நாஜிகள் அச்சேகரிப்பைப் பறித்துக்கொண்டனர். வால்டர் பெஞ்சமின் 1937இல் அவரைக் குறித்து நீண்டதொரு கட்டுரை எழுதினார். சேகரிப்பவன் சுரண்டுபவனாகத்தான் இருக்க வேண்டுமென்ற விதி இல்லை. ஆயினும் அந்த வாதத்தில் ஒரு முள் இருக்கத்தான் செய்கிறது. 2022 மார்ச்சில், காகிதம் இன்மையால் மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. காகிதத்துக்கே வழியற்றுப்போன நாட்டில் பழைய பேனை சேர்க்கும் ஆசிரியர் தம் மாணவருக்கு என்ன பதில் சொல்வார்? இக்கேள்வியை மறவாமல் மேலே செல்வோம்.

நமது கரைக்கு எழுத்து புதிதன்று. கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களையும் இடங்களையும் பற்றிய பெருந்தொகுப்பொன்றையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். 1860இல் அவர் மறைந்தார். வாட்டர்மன் தமது ஊற்றுப்பேனைக்கு அமெரிக்காவில் உரிமை பெற்றதோ 1884இல். மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதிய கையின் உழைப்பு அவருடையது. ஊற்றுப்பேனை பரவிய பின்னர் அது யார் யாருடைய சட்டைப்பையில் இருந்தது? ஆசிரியர், தபாலதிபர், விவாகப் பதிவுகாரர், விதானையார், சம்மாட்டி. எழுதத் தெரிந்தவனுக்கும் கைநாட்டு வைப்பவனுக்கும் இடையிலிருந்த எல்லைக்கோட்டைச் சட்டைப்பையில் செருகிய அந்தக் கொளுவியே காட்டிற்று. அரிச்சுவடி கற்பித்ததும் பேனைதான். மீன்வாடியில் கடலோடியின் முற்பணத்தைக் கடனாகப் பதிந்துகொண்டதும் பேனைதான். வாசிக்கத் தெரியாத கடனாளிக்கு அக்கணக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்பதை மைக்கூடு அறியாது. இத்தகைய பேனைகளைச் சேர்ப்பவர் அவற்றின் தங்க முலாமை மட்டும் பார்ப்பாரானால் பாதியைக்கூடப் பார்த்தவராகார்.

இனி, எந்தப் பேனை என்ற கேள்விக்கு வருவோம். சேகரிப்போர் உலகில் பெயருக்கே விலை. 1941இல் விற்பனைக்கு வந்த பார்க்கர் 51 உயர்ந்த பேனை அன்று என்று நாம் வாதிடமாட்டோம். கூரை மூடிய அதன் அமைப்பு மை உலராமல் காக்கிறது. 1948க்குப் பின் வந்த அழுத்திநிரப்பும் வகையின் மைப்பை எழுபது ஆண்டுகள் கடந்தும் பெரும்பாலும் கெடுவதில்லை. ஆனால், பாவனைப் பெறுமதி ஒன்று, சந்தைப் பெறுமதி வேறொன்று என்று மார்க்ஸ் பிரித்துக் காட்டியதை வகுப்பறையில் சொல்லிவிட்டு, கடையில் பெயரைப் பார்த்துப் பணத்தை நீட்டுவது வேடிக்கையல்லவா? ஷாங்காயில் செய்யப்பட்ட ஹீரோ பேனையும் கூரை மூடிய பேனைதான், நன்றாகவே எழுதும். காந்தியின் தூண்டுதலால் ராஜமந்திரியில் ரத்தினம் என்ற பொற்கொல்லர் செய்த சுதேசிப் பேனைக்கு 1935இல் காந்தியே பாராட்டுக் கடிதம் எழுதினார். ஒரு முலாம் மூடிக்குத் தரும் விலையில் இத்தகைய எளிய பேனைகள் பல கிடைக்கும்.

பெயரைவிடப் பழுதுபார்ப்பில்தான் சிறு பணத்தின் வலிமை இருக்கிறது. நெம்பினால் மை உறிஞ்சும் பழைய பேனைகளில் கெடுவது பெரும்பாலும் உள்ளிருக்கும் இரப்பர் பை. அது இறுகிப் பொடியாகிவிடும். கழுத்துப் பகுதியை மெல்லச் சூடாக்கிக் கழற்றி, பழைய பையைச் சுரண்டி எடுத்து, புதியதை அளவாக வெட்டி அரக்கினால் ஒட்டினால் பேனை மீண்டும் எழுதும். நம் கரையின் உப்புக்காற்று கொளுவியையும் நெம்பின் எஃகையும் உள்ளிருக்கும் அழுத்துதகட்டையும் துருவேற்றுகிறது. 14 கரட் பொற்கூரை அது தீண்டுவதில்லை. எபனைற்று உடலைத் தண்ணீரில் ஊறவைத்தால் அதன் கருமை பழுப்பாகிவிடும். துணியால் துடைப்பதே போதும். எபனைற்று என்பதும் கந்தகம் ஏற்றி இறுக்கிய இரப்பரே. ஆசியாவில் இரப்பர் முதலில் வேரூன்றியது 1876இல் நமது ஹெனரத்கொடைத் தோட்டத்தில். 1952இல் சீனத்து அரிசிக்காக நாம் கொடுத்ததும் இரப்பர்தான். பால்வெட்டிய தொழிலாளியின் கையில் பேனை இருந்திராது. ஆனால் பேனையின் உடலிலும் மைப்பையிலும் அவனுடைய உழைப்பின் வகை இருக்கிறது.

இவ்வளவும் எளிய பகுதி. எந்தப் பேனை என்று தீர்மானித்த பின்னரும் யாரிடமிருந்து, என்ன விலைக்கு என்ற கேள்வி நிற்கிறது. புத்தளத்தில் அதைத் தவிர்க்கவே முடியாது.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். 75,000 பேரளவில் வீடிழந்தனர்; அவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது இம்மாவட்டத்துக்கே. சில நூறு ரூபாயும் உடுத்த உடையுமாக வந்தவர்கள் ஆலங்குடாவிலும் தில்லையடியிலும் ஓலைக்குடிசைகளில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். அத்தகைய குடும்பமொன்றில் தகப்பனாரின் பேனை எஞ்சியிருக்குமானால், பல வாசல்களில் பறிகொடுத்தவற்றுக்குப் பின்னும் ஒரு சட்டைப்பையில் தப்பிவந்த பொருள் அது. 2022இல் நாடு முழுவதும் அடகுக்கடை வாசலில் நின்ற காலத்தில் எத்தனை வீடுகளின் நினைவுப் பொருள்கள் கைமாறியிருக்கும்! விற்பவருக்கு அரிசி வேண்டும். பேனையின் சந்தை விலை அவருக்குத் தெரியாது. வாங்க வரும் ஆசிரியருக்கு அது தெரியும். ஐந்நூறு ரூபாய் போதும் என்கிறார் விற்பவர். வாயை மூடிக்கொண்டு ஐந்நூற்றைக் கொடுத்துவிடலாமா?

இக்கேள்வி பழையது. அலெக்சாந்திரியாவிலிருந்து தானியத்தோடு, பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு ஒரு வணிகன் வருகிறான். பின்னால் வேறு கப்பல்களும் வருவது அவனுக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டுமா? சட்டம் கேட்காததைச் சொல்லத் தேவையில்லை என்றார் டயோஜினஸ். சொல்லியே ஆகவேண்டும் என்றார் அன்ரிப்பேற்றர். கி.மு. 44இல் இவ்வழக்கைப் பதிந்த சிசெரோ பின்னவர் பக்கமே நின்றார். நமது கரையின் பள்ளிவாசல்களுக்கு இன்னும் நெருக்கமான முன்மாதிரி உண்டு. சந்தைக்கு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு, விலை அவர்களுக்குத் தெரியுமுன் சரக்கை வாங்குவதை நபிகள் நாயகம் தடுத்தார். சந்தையை அடைந்தபின் விற்றவர் விரும்பினால் பேரத்தை முறித்துக்கொள்ளலாம் என்றும் ஹதீஸ் கூறுகிறது. குடிசை வாசலில் நின்று பேனை கேட்கும் ஆசிரியர் அந்த வழியில் எதிர்கொண்டு நிற்பவரல்லவா?

இதற்கு மறுப்பொன்று உண்டு. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. ஒரு பேனையை இனங்காணும் அறிவைப் பெற அவர் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார். உழைப்புக்குக் கூலி வேண்டாமா என்பர். வேண்டும். பழுதுபார்க்கும் உழைப்புக்கும் செலவுக்கும் உரியதைக் கழித்துக்கொள்ளட்டும். ஆனால் மற்றவரின் அறியாமையிலிருந்து வரும் இலாபம் எந்த உழைப்பின் கூலி? சம்மாட்டியின் கணக்குப் புத்தகமும் இதே தர்க்கத்தில்தான் நடந்தது: எழுதத் தெரிந்தவனுக்கே மீதி. கடலோடிக்காக அக்கணக்கைக் கண்டித்த நாம் நமது பேனைப்பெட்டிக்காக அதே கணக்கை எழுத முடியாது.

ஆகவே ஆசிரியர் சொல்லட்டும்: இது இன்ன பேனை, கொழும்பில் எழுதும் நிலையில் இன்ன விலை போகும், பழுது நீக்க இவ்வளவு செலவாகும், மிச்சம் உங்களுடையது. அந்த மிச்சம் அவருடைய மூவாயிரத்துக்கு மேற்பட்டதாயின் வாங்காமல் விடட்டும். மைப்பையை மாற்றிக் கொடுத்துவிட்டு, அந்தப் பேனையால் யார் எழுதினார், எந்த ஊரில், என்னென்ன எழுதினார் என்று கேட்டு ஒரு கொப்பியில் குறித்துக்கொள்ளட்டும். பேனை அந்த வீட்டிலேயே இருக்கும். சேகரிப்பில் அதற்கொரு பக்கம் இருக்கும். பணத்தில் ஒரு பகுதி இரப்பர்ப் பைக்கும் அரக்குக்கும், ஒரு பகுதி மைக்கும் கொப்பிக்கும் போகட்டும், எஞ்சியதே வாங்குவதற்கு. பெட்டியில் பேனைகள் மெதுவாகத்தான் பெருகும். மாணவருக்குச் சொல்லவேண்டிய பதிலும் இங்கேதான் இருக்கிறது: பழுது நீங்கிய பேனைகளை வகுப்பில் கொடுத்து எழுதவைக்கலாம்; தம் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வந்ததை அவர்கள் அதே கொப்பியில் எழுதலாம்.

ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. பழைய சாமான் கடைக்காரர் அப்பேனையை ஏற்கெனவே நிறைக்கு நிறை வாங்கிவிட்டார். முதலில் விற்றவர் யாரென்று அவருக்கே தெரியாது. அவரிடமும் உண்மை விலையைச் சொல்ல வேண்டுமா? சொன்னால் அடுத்தமுறை அவர் பொற்கூரைக் கழற்றி உருக்கக் கொடுக்காமல் பேனையை முழுதாகவே வைத்திருப்பார்; அத்தோடு விலையையும் உயர்த்திக் கேட்பார். அந்த விலையில் ஒரு பங்காவது பேனை கொண்டுவருபவர் கைக்குப் போகிறதா என்று அவரிடம் கேட்கும் உரிமையும் அப்போதுதான் நமக்கு உண்டாகும். அவர் என்ன பதில் சொல்வாரோ தெரியாது. கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.