பெயர்ப்பலகை மாறும்போது

1956 நவம்பர் 1 அன்று குமரி மாவட்டத்து நாஞ்சில் நாடு திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆனால் 1945இல் திருவிதாங்கூர் பேங்காகப் பிறந்து, பிறகு ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவிதாங்கூர் (எஸ்.பி.டி.) ஆன வங்கி குமரி மாவட்டத்தில் நிலைத்து நின்றது. 2017 ஏப்ரல் 1 அன்று அதுவும் ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியாவில் கரைந்தது.

கணக்கு வைத்திருந்தவர்களுக்கு பாஸ்புக்கும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் மாறியதோடு சரி. கவுண்ட்டருக்கு உள்ளே கதை வேறு. ஒரே தெருவில் இரண்டு கிளை இருந்தால் எதை மூடுவார்கள்? சீனியாரிட்டி என்ன ஆகும்? பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போது வடக்கே மாற்றல் போட்டால்? வேலை போகாது என்றார்கள். கூடவே விருப்ப ஓய்வுத் திட்டத்தையும் நீட்டினார்கள். ஓய்வை நெருங்கியவர் இரண்டாவது தாளைத்தான் திரும்பத் திரும்பப் படிப்பார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இந்த நேரத்தில் மேலதிகாரியின் உற்சாகப் பேச்சு எடுபடாது. (கேட்டவர்களுக்குத் தெரியும்.) எந்தக் கிளை, எந்த மாதம், மாற்றல் எவ்வளவு தூரம்: தெரிந்ததைச் சொல்லிவிட்டு, மீதியை எப்போது சொல்வோம் என்று தேதி குறித்தாலே பாதி வதந்தி அடங்கும்.

வங்கிக்காரர்களுக்காவது சங்கம் இருந்தது. கேரளச் சட்டமன்றமே இணைப்பை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025இல் ஏறத்தாழ 2 சதவீத ஆட்குறைப்பை மென்பொருள் நிறுவனமான டிசிஎஸ் அறிவித்தபோது, நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு ரயிலேறும் பிள்ளைகளில் பலருக்கு அந்தத் துணைகூட இல்லை.