துப்பாக்கியின் தாய்ப்பத்திரம்

2016 நவம்பர் 30ஆம் தேதி பாரிஸில் கிறிஸ்டீஸ் நிறுவனம் ஒரு பழைய ரிவால்வரை ஏலம் விட்டது. ஐம்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் யூரோ வரை போகலாம் என்று மதிப்பிட்டிருந்தார்கள். 4,34,500 யூரோவுக்குப் போயிற்று. ஏழு மில்லிமீட்டர் குண்டு, ஆறு அறைகள், கோட்டுப் பைக்குள் அடங்கிவிடும் உருவம். லெஃபோஷே என்ற பிரெஞ்சுக்காரரின் முறையில் செய்யப்பட்டது. அந்த முறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஆயிரக்கணக்கான துப்பாக்கிகளைச் செய்து தள்ளியிருக்கிறார்கள். யாருடையது என்று தெரியாத இன்னொன்றைச் சில நூறு யூரோவுக்கு வாங்கிவிடலாம். அப்படியானால் மீதி நான்கு லட்சத்துச் சொச்சம் யூரோவுக்கு வாங்கியவர் எதைப் பெற்றுக்கொண்டார்? இரும்பும் மரமும் அந்தச் சில நூறிலேயே அடங்கிவிட்டன. மீதிக்குக் கிடைத்தது ஒரு வாக்கியம்: 1873 ஜூலை 10ஆம் தேதி பிரஸ்ஸெல்ஸில் பால் வெர்லேன் ஆர்தர் ரேம்போவைச் சுட்டது இந்தத் துப்பாக்கியால்தான்.

இந்த வாக்கியத்தை நிரூபிக்கிற வேலையைத்தான் பழம்பொருள் உலகில் பூர்வோத்தர ஆராய்ச்சியாகச் செய்கிறார்கள். கறாரான வேலை. அதன் கறாரை நான் சந்தேகிக்கவில்லை. அதன் நேர்மையைப் பற்றித்தான் சில கேள்விகள்.

முதலில் அது நடக்கும் விதம். சட்டத்தில் பொறித்திருக்கும் எண்ணிலிருந்து தொடங்குவார்கள். பெல்ஜியத்தில் லியேஜ் நகரத்துச் சோதனைச் சாலையின் முத்திரை இருந்தால், முட்டை வடிவத்துக்குள் இருக்கும் எழுத்துக்களின் மேல் கிரீடம் உண்டா என்று பார்ப்பார்கள். கிரீடம் 1893இல் சேர்க்கப்பட்டது. கிரீடம் உள்ள துப்பாக்கி அதற்கு முந்திய எந்தக் கொலையிலும் பங்குகொண்டிருக்க முடியாது. அமெரிக்கக் கோல்ட் ரிவால்வர் என்றால், ஆலையின் பழைய பேரேடுகளைப் பார்த்து, கட்டணம் பெற்றுக்கொண்டு ஒரு கடிதம் தருகிறார்கள். இந்த எண், இன்ன நீளக் குழல், இன்ன மெருகு, இன்ன தேதியில் இன்னாருக்கு அனுப்பப்பட்டது. அந்த இன்னார் பெரும்பாலும் ஒரு மொத்த வியாபாரி. கடிதம் அவர் கடை வாசலில் நின்றுவிடும். அங்கிருந்து துப்பாக்கி எவன் இடுப்புக்குப் போயிற்று என்பது பேரேட்டுக்குத் தெரியாது. அதற்கப்புறம் உறுதிமொழிப் பத்திரங்கள், உயில்கள், கோர்ட்டுக் காகிதங்கள், வயதானவர்களின் ஞாபகம்.

நமக்கு இது பழக்கமில்லாத மனோபாவம் அல்ல. நிலம் வாங்குகிறவன் தாய்ப்பத்திரம் கேட்கிறான். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் பார்க்கிறான். யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது, நடுவில் ஒரு கண்ணியாவது விட்டுப்போயிருக்கிறதா என்று துருவுகிறான். ஆனால் ஓர் இடத்தில் இரண்டும் தலைகீழாகின்றன. நிலத்தில் வில்லங்கம் இருந்தால் விலை இறங்கும். துப்பாக்கியில் வில்லங்கம்தான் விலை. எவரையும் சுடாமல், ஒரே குடும்பத்தின் அலமாரியில் நூறு வருஷம் தூங்கிய, மூலம் சுத்தமான ரிவால்வரை யாரும் சீந்துவதில்லை.

தாய்ப்பத்திரம் எந்த அளவுக்குத் துல்லியமாக இருக்க முடியும் என்பதற்கு ஓர் உதாரணம். 1881 ஜூலை 14 இரவு, நியூ மெக்ஸிகோவின் ஃபோர்ட் ஸம்னரில், ஷெரீஃப் பாட் காரெட் பில்லி தி கிட் என்ற இளைஞனை இருட்டறையில் சுட்டுக் கொன்றார். அந்தக் கோல்ட் ரிவால்வர் 2021 ஆகஸ்டில் போன்ஹாம்ஸ் ஏலத்தில் அறுபது லட்சம் டாலருக்குச் சற்று மேல் விலை போனது. அதன் வரலாறு கண்ணி விடாமல் கிடைக்கிறது. 1880 டிசம்பரில் கிட்டின் கூட்டத்தை வளைத்துப் பிடித்தபோது, பில்லி வில்ஸன் என்பவனிடமிருந்து காரெட் எடுத்துக்கொண்டது அது. பின்னால் எல் பாஸோவில் ஒரு மதுக்கடையில் காட்சிக்கு இருந்தது. 1908இல் காரெட்டும் சுடப்பட்டே இறந்தார். மதுக்கடைக்காரரும் இறந்த பிறகு, 1930களில், காரெட்டின் மனைவி வழக்குத் தொடுத்தார். இரவலாகத்தான் கொடுத்தது, உரிமை எங்களுடையது என்று வாதாடி வென்றார். அந்த வழக்குக் காகிதங்கள் இன்று துப்பாக்கியின் மிகச் சிறந்த சாட்சியங்களில் சேர்ந்துவிட்டன.

இந்த வரிசையை மெதுவாகப் படித்துப் பார்க்க வேண்டும். பறித்தவர், காட்சிக்கு வைத்தவர், வழக்காடியவர், சேகரித்தவர். முதல் கண்ணியே ஒரு கைதியிடமிருந்து எடுத்துக்கொண்டது. நிலமாக இருந்தால் வக்கீல் அங்கேயே பத்திரத்தை மூடி வைத்துவிடுவார். இங்கே அது ஆபரணம். இன்னொரு விஷயம், இதைவிட முக்கியமானது. செத்துப்போனவன் இந்த வரிசையில் எங்குமே இல்லை. அறுபது லட்சம் டாலருக்கும் அவன் ஒருவன்தான் காரணம். பட்டியலில் இடமில்லாதவனும் அவன்தான்.

உடைமை என்பது சட்டத்தின் சொல், சுடப்பட்டவன் எந்தச் சட்டப்படியும் துப்பாக்கிக்கு உடைமைக்காரன் அல்ல என்று பதில் வரும். சரி. ஆனால் சட்டப்படியான உரிமைக்கு ஒரு விற்பனை ரசீது போதும். நூற்றைம்பது வருஷம் பின்னோக்கிப் போகத் தேவையில்லை. பின்னோக்கிப் போகிறவர்கள் தேடுவது அந்தப் பொருளின் அர்த்தத்தை. அர்த்தம் என்ற பேச்சு வந்துவிட்டால், கைப்பிடியைப் பிடித்தவர்களை மட்டும் எண்ணி முடித்துவிட முடியாது. குழலுக்கு எதிரே நின்றவன் கணக்கில் வந்தாக வேண்டும். விற்கப்படுவது காயம் என்றால், காயம் யாருடையது?

பிரஸ்ஸெல்ஸ் துப்பாக்கிக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகப் பொருந்துகிறது. வெர்லேனுக்கு அப்போது 29 வயது, ரேம்போவுக்கு 18. ரேம்போ பிரிந்து போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஜூலை 10 காலையில் வெர்லேன் மோந்திஞ்ஞி என்பவர்களின் துப்பாக்கிக் கடையில் 23 ஃபிராங்குக்கு ரிவால்வரை வாங்கிக்கொள்கிறான். குடிக்கிறான். பிற்பகல் விடுதி அறையில் இரண்டு முறை சுடுகிறான். ஒரு குண்டு இடது மணிக்கட்டில் பாய்கிறது, மற்றது தவறிவிடுகிறது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது, வெர்லேன் கை மறுபடியும் பைக்குள் போவதைப் பார்த்து ரேம்போ போலீஸ்காரரிடம் ஓடுகிறான். ஆனால் ஜூலை 19ஆம் தேதி, தன் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறான். கோர்ட் அதைப் பொருட்படுத்தவில்லை. ஆகஸ்ட் 8ஆம் தேதி வெர்லேனுக்கு இரண்டு வருஷச் சிறை.

அதாவது, அந்தக் காயத்தின் மேல் யாருக்காவது பாத்தியதை இருந்ததென்றால் அது ரேம்போவுக்கு. அவன் அதை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டான். துப்பாக்கி, போலீஸ் கையிலிருந்து விடுபட்டு, விற்ற கடைக்கே திரும்பிப் போயிற்று. 1981இல் கடை மூடப்பட்டபோது ஒரு தனியாருக்குக் கைமாறியது. அதன் எண்ணும் கடைப் பதிவேடும் சாட்சியாயின. சுடப்பட்டவன் கைவிட்ட ஒன்றை, சம்பவத்துக்கு எந்த விதத்திலும் சம்பந்தமில்லாதவர்கள் பத்திரம் போட்டு மாற்றிக்கொள்கிறார்கள்.

பத்திரமே இல்லாவிட்டால்? அதற்கும் ஒரு விலை உண்டு என்று 2019இல் தெரிந்தது. ஓவேர் கிராமத்தில் வான்கோ தன்னைச் சுட்டுக்கொண்டது 1890 ஜூலை 27, இறந்தது 29. துப்பாக்கி அப்போது கிடைக்கவில்லை. 1960களில் அந்த ஊர் விவசாயி ஒருவர் வயலில் ஒரு துருப்பிடித்த ரிவால்வரைக் கண்டெடுத்தார். அதுவும் லெஃபோஷே வகை, அதுவும் ஏழு மில்லிமீட்டர். வான்கோ தங்கியிருந்த விடுதியின் அப்போதைய சொந்தக்காரர்களிடம் போய்ச் சேர்ந்தது. குண்டின் அளவு பொருந்துகிறது, பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் கிடந்திருக்கிறது, வேகம் குறைந்த துப்பாக்கியாதலால் குண்டு உடலை ஊடுருவாமல் நின்றதற்கும் விளக்கம் கிடைக்கிறது. இவ்வளவுதான். இவை எல்லாம் சேர்ந்து 'இருக்கலாம்' என்பதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை. 2019 ஜூன் 19ஆம் தேதி பாரிஸில் அந்த 'இருக்கலாம்' 1,62,500 யூரோவுக்கு விலை போனது.

இதற்கிடையில் 2011இல் இரண்டு அமெரிக்க வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள், வான்கோ தன்னைச் சுட்டுக்கொள்ளவில்லை, ஊர்ப் பையன்கள் கைத்தவறாகச் சுட்டிருக்கலாம் என்று எழுதினார்கள். ஆராய்ச்சியாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. ஏற்றுக்கொண்டால் என்ன ஆகும் என்று மட்டும் யோசிக்கலாம். தற்கொலையின் கருவி விபத்தின் கருவியாகிவிடும். அந்த மரணத்தைப் பற்றி நாம் எழுதியது, பேசியது எல்லாம் புரண்டுவிடும். துருவில் ஒரு துகள் மாறாது. சம்பவம் இரும்பில் தங்குவதில்லை. நாம் காகிதத்தால் அதை இரும்போடு கட்டுகிறோம், பிறகு இரும்பிலிருந்தே அது வருவதாகப் புல்லரித்துக்கொள்கிறோம்.

ஆனாலும் பூர்வோத்தரம் தேடுவதே வீண் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதே பிரஸ்ஸெல்ஸ், அதே 1873 இதற்கு ஒரு மறுபக்கத்தையும் வைத்திருக்கிறது. குண்டடி பட்ட மூன்று மாதங்களில், அக்டோபரில், ரேம்போ 'நரகத்தில் ஒரு பருவம்' நூலை அந்த நகரத்து அச்சகம் ஒன்றில் அச்சிட்டான். ஐந்நூறு பிரதிகள் என்று கணக்கு. ஒரு சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டான். மீதியை எடுக்கப் பணம் இல்லை. பிற்காலத்தில் குடும்பத்தார் ஒரு கதையைப் பரப்பினார்கள்: கவிஞன் விரக்தியில் பதிப்பு முழுவதையும் தீயிட்டுவிட்டான் என்று. அழகான கதை, எல்லோரும் நம்பினார்கள். 1901இல் லெயோன் லொஸ்ஸோ என்ற பெல்ஜிய வழக்கறிஞர், வேறெதையோ தேடிப் போன இடத்தில், அச்சகக் கிடங்கில் நானூறுக்கும் மேற்பட்ட பிரதிகள் கட்டுக் கட்டாக இருப்பதைக் கண்டார். சில ஈரத்தில் கெட்டிருந்தன. அச்சகத்துப் பாக்கி தீராமல் கிடங்கில் கிடக்கும் கட்டு எப்படி இருக்கும் என்பதைச் சிறுபத்திரிகைக்காரர்களுக்கு யாரும் வர்ணிக்க வேண்டியதில்லை.

இங்கே பூர்வோத்தர ஆராய்ச்சி நேர்மாறான ஒன்றைச் செய்தது. தீயின் மகிமையை எடுத்துவிட்டுக் கடன்பாக்கியை வைத்தது. அபூர்வம் என்று மதிப்புப் பெற்றிருந்த புத்தகத்தை அபூர்வமில்லாமல் ஆக்கியது. விலையைக் கூட்டுவதற்காகத் தேடுகிறவனும், விலை குறைந்தாலும் பரவாயில்லை என்று கண்டதைச் சொல்கிறவனும் ஒரே பேரேட்டைப் புரட்டலாம். இருவரும் ஒரே காரியத்தைச் செய்யவில்லை. துப்பாக்கிச் சந்தையில் எத்தனை பேர், 'இது அந்தத் துப்பாக்கி அல்ல' என்ற முடிவுக்கு வருவதற்காகச் செலவழித்துக் கடிதம் வாங்குவார்கள்?

புத்தகத்துக்கும் ரிவால்வருக்கும் இன்னொரு வித்தியாசம். லொஸ்ஸோ கண்ட பிரதிகளில் எதை எடுத்துப் படித்தாலும் அதே நரகம்தான். நேற்று அச்சிட்ட மலிவுப் பதிப்பிலும் அதுவே. அதற்குத் தாய்ப்பத்திரம் வேண்டாம். தன்னுள் ஒன்றும் இல்லாத பொருளுக்குத்தான் யார் யார் கையில் இருந்தது என்று சாட்சி தேவைப்படுகிறது.

ஒரு விஷயம் பாக்கி. கவிதையை விட்டுவிட்ட ரேம்போ, பிற்காலத்தில் தானே துப்பாக்கி வியாபாரி ஆனான். 1886 அக்டோபரில் செங்கடல் முகப்பிலுள்ள தஜூராவிலிருந்து ஒட்டகக் கூட்டத்தோடு புறப்பட்டு, ஐரோப்பிய ராணுவங்கள் கழித்துக்கட்டிய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை அபிசீனியாவுக்குக் கொண்டுபோய், 1887இல் ஷோவா மன்னன் மெனெலிக்கிடம் விற்றான். கணக்குத் தீர்ப்பதில் ஏமாற்றப்பட்டான் என்பது வரை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதுகிறார்கள். அந்தத் துப்பாக்கிகள் யார் யார் கைக்குப் போயின, எவரெவர் மார்பில் குண்டைச் செலுத்தின என்பதற்குத் தாய்ப்பத்திரம் எழுத யாரும் இல்லை. ஒரு மணிக்கட்டில் பாய்ந்த ஒரு குண்டின் பூர்வோத்தரத்துக்கு நாலு லட்சம் யூரோ. இரண்டாயிரம் துப்பாக்கிகளின் பின்விளைவுக்கு ஒரு பேரேட்டு வரிகூட இல்லை. காயப்பட்டவன் பெயர் நமக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் காயம் வரலாறாகிறது போலும்.

துப்பாக்கியைச் சேகரிக்கலாகாது, உருக்கிவிட வேண்டும் என்பதல்ல நான் சொல்ல வருவது. உருக்குவதும் ஒருவித மறதிதான். அதன் சரித்திரத்தை எழுதுகிறவன் எதிர்ப்பக்கத்து ஆளையும் உடைமைக்காரர் வரிசையில் சேர்த்து எழுதட்டும். அவன் ஒரு கணம்தான், விரும்பாமல்தான், அதன் எல்லைக்குள் நின்றான். ஆனால் அந்தத் துப்பாக்கி தான் செய்யப்பட்ட காரியத்தைச் செய்தது அந்த ஒரு கணத்தில் மட்டும். மற்றவர்கள் வைத்திருந்தார்கள், அவ்வளவே. அவன் பெயர் தெரியாதபோது, தெரியவில்லை என்று ஒரு வரி. அந்த வரிக்கு விலை ஏறாது. அது ஒன்றே அதன் யோக்கியதைக்குப் போதும்.

இதை ஏலக்காரர்களைப் பற்றிய விமர்சனமாக மட்டும் வாசித்துவிட்டுச் சௌகரியமாக இருந்துவிட முடியாது. ரேம்போவைப் பற்றித் தமிழில் நாம் பேசிக்கொள்வதில் எவ்வளவு பங்கு கவிதை, எவ்வளவு பங்கு அந்த மணிக்கட்டு? நம்மிடையே வறுமையில், நோயில், குடியில் முடிந்துபோன எழுத்தாளர்களைப் பற்றி நாம் எழுதும் அஞ்சலிகளில் அவர்கள் எழுத்தைப் பற்றி எத்தனை வாக்கியங்கள், எப்படிச் செத்தார்கள் என்பதைப் பற்றி எத்தனை? கவிதையைக் காயத்தின் அத்தாட்சியாகப் படிக்கிற வாசகனும் தாய்ப்பத்திரம் தேடுகிறவன்தான். அவன் ஏலத்தில் கை தூக்காததற்குக் காரணம் பணம் இல்லாததுதான்.