கருணையா, கடமையா?

உலகில் எக்காலத்தும் எந்நாட்டிலும் அறிஞர் ஒருமுகமாய்ப் புகழ்ந்த குணம் ஒன்று உண்டெனில் அது கருணையே. கண்ணிழந்தோனையும் காலிழந்தோனையும் கண்டு இரங்காதவனை நாம் மனிதனென மதிப்பதில்லை. எனினும், அவ்விரக்கம் ஒன்றையே நம்பி ஒருவனை வைத்தியசாலைக்கு அனுப்புதல் நியாயமாகுமா என்பதே இங்கு நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி. இரக்கம் அவரவர் மனநிலையைப் பொறுத்தது. காலையில் சுரந்து மாலையில் வற்றக்கூடியது. நோயோ காலை மாலை பார்த்து வருவதில்லை. ஆதலின், உடற்குறையும் மனக்குறையும் உடையோர்க்கு வைத்தியம் செய்யும் பயிற்சியும் அதற்கு வேண்டிய வசதியும், வைத்தியரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக எழுதப்படல் வேண்டும் என்பது நமது துணிபு.

ஒப்பந்தம் என்னும் சொல் நம்மவர் செவிக்கு இனியதன்று என்பதை நாம் அறிவோம். நம் முன்னோரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, குறித்த காலம்வரை நகரவொட்டாமற் கட்டிவைத்தது அச்சொல்லே. 1910ஆம் ஆண்டில் மலாயாவில் அம்முறை ஒழிந்தது. அவ்வொப்பந்தம் உழைப்பவனைக் கட்டியது. அவனுக்குச் சேவை செய்ய வேண்டியவரைக் கட்டவில்லை. இன்று நாம் கேட்பது, சேவை செய்வோரைக் கட்டும் ஒப்பந்தம்.

மலைமீது மருத்துவம்

கேமரன் மலையில் வாழ்வோர்க்கு இது வெறும் தத்துவ வினாவன்று. 1929இல் ரஸ்ஸல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்நாள் தொட்டு நெடுங்காலம் இச்சரிவுகளில் ஏறியிறங்கிக் கொழுந்தெடுத்தோருள் பெரும்பகுதியினர் தமிழ்மக்கள். இன்று அவ்வேலையை வங்காள தேசத்தினின்றும் நேப்பாளத்தினின்றும் இந்தோனேசியாவினின்றும் வந்தோர் பலர் செய்கின்றனர். ஓய்வு பெற்ற நம்மவரோ லயங்களிலும், ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பட்டணங்களிலும் எஞ்சியுள்ளனர். தானா ராத்தாவில் அரசாங்க ஆஸ்பத்திரி உண்டு. பெரிய நோயென்றால் மலையிறங்கி ஈப்போவுக்குப் போதல் வேண்டும். சிறு நோய்க்கு, தோட்டம் ஏற்பாடு செய்துள்ள மருந்தகமோ கிளினிக்கோதான் முதற்படி.

மலைவாழ்வில் படிகளுக்குக் குறைவில்லை. லயத்துக்குப் படி, கடைக்குப் படி, கிளினிக்குக்கும் படி. இந்நாட்டில் 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி பதினெட்டு வயது கடந்தோரில் ஏறத்தாழ ஐவருள் ஒருவர்க்கு நீரிழிவு. இனங்களுள் இந்தியரிடையே அது மிகுதி. அந்நோய் முற்றினால் கண்ணையும் காலையும் வாங்கும். ஆகவே இன்று படியேறி வருவோன் நாளை அப்படியின் கீழ் நிற்கக்கூடும். மாற்றுத்திறனாளர் என்போர் வேறொரு கூட்டத்தாரல்லர். அவர் நம் குடும்பத்தார், நாளை நாமே.

பட்டணத்துக் கிளினிக் ஒன்றில் நிகழ்ந்ததை நாம் அறிவோம். பிறவியிலேயே செவிப்புலன் அற்ற மூதாட்டி ஒருவர், முன்னாளில் கொழுந்தெடுத்தவர், மருமகள் வேலை முடிந்து வருமுன்னரே தனியாக வந்து வரிசையில் அமர்ந்தார். அங்கு நோயாளிகளை வாயாற் பெயர் சொல்லி அழைப்பது வழக்கம். அவர் பெயரும் அழைக்கப்பட்டது, அவர் எழவில்லை, அடுத்தவர் சென்றார். நண்பகல் கடந்தும் அவர் அமர்ந்திருப்பதைக் கண்ட தாதி, பாவம் பசித்திருப்பாரென்று தன் காசில் தேநீரும் ரொட்டியும் வாங்கிக் கொடுத்தார். மருமகள் வந்தபின்னரே அவர் உள்ளே அழைக்கப்பட்டார். அப்பொழுதும் வைத்தியர் கேட்டதெல்லாம் மருமகளை. நோயாளியின் முகத்தை நோக்கி ஒரு சைகையேனும் இல்லை.

அங்கே கருணைக்குக் குறைவிருந்ததென்று எவரும் கூற முடியாது. தேநீரே அதற்குச் சாட்சி. இல்லாதது திறன், செவி கேளாதோரை எங்ஙனம் அழைப்பது என்னும் எளிய திறன். ஓர் எண்ணை எழுதிக் காட்டியிருந்தால் அவர் காலையிலேயே வைத்தியரைக் கண்டிருப்பார். நல்ல உள்ளமிருந்தும் நாள் வீணாயிற்றெனில், உள்ளத்தின் நன்மை மட்டும் போதாது என்பது வெளிப்படை.

பழைய கணக்கு

தோட்டங்களில் வைத்தியம் என்றுமே எண்ணிக் கணக்கிடப்பட்டே வந்தது. மலாய்க் கூட்டு நாடுகளின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தொழிலாளர்க்கு ஆஸ்பத்திரி வசதி செய்யும் பொறுப்பை முதலாளிமார் மீது சுமத்தியது. ஆஸ்பத்திரி உண்டா, கட்டில் எத்தனை, டிரெசர் இருக்கிறாரா என்பவையே கேள்விகளாயின. பின்னர் 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. விரலிழந்தால் இவ்வளவு, கையிழந்தால் இவ்வளவு என்று உடலுறுப்புக்களுக்கு விகிதம் குறிக்கும் அட்டவணை அதில் இருந்தது.

இவை தீமையென்று நாம் சொல்லவில்லை. அவற்றிற்கு முன்னிருந்த நிலை இதனினும் கொடிது. ஆயினும் ஒன்று நோக்குக: போன கைக்கு விலை குறிக்கக் கற்ற சட்டம், ஒற்றைக் கையோடு வாழும் மனிதனுக்கு எங்ஙனம் வைத்தியம் செய்வது என்று கேட்கக் கற்கவில்லை. உறுப்பை எண்ணியது, மனிதனை எண்ணவில்லை. வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தின் முடிவில் வைத்தியத்தை நான்கு கூறாகப் பகுத்தபொழுது, நோயுற்றவனையே முதற்கூறாக வைத்தார். வைத்தியனும் மருந்தும் பின்னரே வருகின்றன.

இன்னொன்றும் உண்டு. தோட்டத்து வைத்திய ஏற்பாடு பெரும்பாலும் செக்ரோலைப் பற்றி நிற்பது. பெயர்ப்பதிவில் உள்ளோனுக்கும் அவன் குடும்பத்தார்க்கும் வைத்தியம் என்பது அதன் கருத்து. வேலை செய்ய இயலாதவன் பெயர் செக்ரோலினின்று நீங்கும். பெயர் நீங்கினால் வைத்தியமும் நீங்கும். அஃதாவது, எக்குறை வந்தமையால் ஒருவனுக்கு வைத்தியம் மிகுதியாக வேண்டுமோ, அக்குறையே அவனை ஏட்டினின்று தள்ளுகிறது. ஒப்பந்தத்தில் எச்சேவை எழுதப்பட்டது என்பதைக் காட்டிலும், எவர்க்கென எழுதப்பட்டது என்பதை நாம் முதலிற் பார்க்க வேண்டுவது இதனாலேயே.

எழுதாத சாமான்

கிராணி வேலை செய்வோர் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு: எழுதாத சாமான் வாராது. உரம் வாங்குகையில், நைட்ரஜன் நூற்றுக்கு இத்தனை பங்கு இருக்கவேண்டுமென்று எழுதுகிறோம். குறைந்தால் மூட்டையைத் திருப்புகிறோம், பணத்தைப் பிடிக்கிறோம். லோரி டயருக்கும் கத்தரிக்கும் இயந்திரத்துக்கும் அளவுண்டு, தரமுண்டு. மனிதர்க்கு வைத்தியம் வாங்குகையிலோ, தக்க சிகிச்சை அளிக்கப்படும் என்னும் ஒரு வரியோடு திருப்தியடைகிறோம். எவர்க்குத் தக்கது, எவ்வாறு தக்கது என்று கேட்பாரில்லை. தேயிலைச் செடிக்கு இடும் உரத்துக்கு உள்ள நிபந்தனை, அச்செடியை வளர்த்தவனுக்குச் செய்யும் சிகிச்சைக்கு இல்லாதிருப்பது நமக்கு வெட்கமன்றோ?

அரசாங்கத்துக்கும் ஒப்பந்தம் எழுதும் கலை தெரியாததன்று. 1997ஆம் ஆண்டு முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் கட்டடப் பராமரிப்பு, வைத்தியக் கருவிப் பராமரிப்பு, துப்புரவு, துணி வெளுப்பு, மருத்துவக் கழிவகற்றல் ஆகிய ஐந்து பணிகளும் தனியார் கம்பெனிகளுக்கு நீண்டகால ஒப்பந்தமாக விடப்பட்டன. தரையின் சுத்தத்தையும் படுக்கை விரிப்பின் வெண்மையையும் நிபந்தனையாக்க முடியுமெனில், அப்படுக்கையில் கிடப்போனைத் தூக்கும் முறையையும் அவனோடு பேசும் முறையையும் நிபந்தனையாக்க முடியாதா?

சட்டத்தின் ஆதரவும் இல்லாமலில்லை. 2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளர் சட்டத்தின் 35ஆம் பிரிவு, மற்றவரோடு சமமாகச் சுகாதாரம் பெறும் உரிமை அவர்க்கு உண்டெனக் கூறுகிறது. தனியார் வைத்தியத் துறையையும் அது விலக்கவில்லை. மலேசியா 2010இல் ஏற்ற ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 25ஆம் விதியோ, மற்றவர்க்கு அளிக்கும் அதே தரத்தில், நோயாளியின் சம்மதத்தோடு சிகிச்சையளிக்குமாறு வைத்தியரைக் கட்டாயப்படுத்தவும், அதற்கான பயிற்சி தரவும் நாடுகளைப் பணிக்கிறது. ஆனால் 2008ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறிய வடிவில் மீறியோர்க்குத் தண்டனை கூறவில்லை. தண்டனையில்லாச் சட்டம் உபதேசமாகவே நின்றுவிடும். அந்த இடைவெளியை நிரப்பவல்லது ஒப்பந்தம். ஏனெனில் ஒப்பந்தத்தில் பணம் இருக்கிறது. பணத்தைப் பெறுவோன் நிபந்தனையையும் படிப்பான்.

பிறநாட்டு அனுபவம்

இது கனவன்று, செய்து பார்த்த காரியம். இங்கிலாந்தில் 2016ஆம் ஆண்டு முதல், பொதுச் சுகாதாரச் சேவை தரும் நிலையங்கள் யாவும் ஐந்து காரியங்களைச் செய்ய வேண்டுமென விதித்தனர். நோயாளிக்குச் செய்தியை எவ்வுருவில் தரவேண்டுமென்று கேட்டறிதல், அதை ஏட்டிற் பதிதல், ஏட்டைத் திறந்தவுடன் கண்ணிற்படுமாறு குறித்தல், அடுத்த வைத்தியர்க்கும் அறிவித்தல், அவ்வாறே நடத்தல் என்பவை அவை. 2022ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம், கற்றல் குறையுடையோரையும் ஆட்டிசம் உடையோரையும் நடத்தும் முறையில் ஊழியர் பயிற்சி பெறுதல் கட்டாயமாயிற்று. அதன்பொருட்டு வகுத்த பயிற்சியைக் கற்பிப்போருள் அக்குறையுடையோரும் இருப்பது கவனிக்கத் தக்கது. அமெரிக்காவில் 2024இல் வெளியான விதி, அரசாங்க உதவி பெறும் வைத்தியசாலைகள், சக்கர நாற்காலியில் வருவோர்க்கு ஏற்ற பரிசோதனை மேசையும் எடைக்கருவியும் ஒவ்வொன்றேனும் ஈராண்டுக்குள் வைத்திருக்க வேண்டுமென வகுத்தது.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு வைத்திய மாணவரின் தொடக்கப் பாடத்தில் இக்கல்வி சேர்க்கப்பட்டது. 2024ஆம் ஆண்டின் புதிய விதிகளில் அது கைவிடப்பட்டதென மாற்றுத்திறனாளரான வைத்தியரே கண்டனம் எழுப்பினர். எழுதப்பட்டதையும் அழிப்பார் உண்டு. ஆயினும் எழுதப்பட்டது அழியுங்கால் கேட்க ஆதாரமிருக்கும். எழுதப்படாதது அழிந்தால் எவரும் அறியார்.

தடைகளும் விடைகளும்

அன்பைக் காகிதத்தில் எழுதி வாங்க முடியுமா என்று சிலர் வினவுவர். முடியாது, நாம் கேட்பது அன்பன்று. சக்கர நாற்காலியினின்று ஒருவரை இடுப்பு முறியாமல் மேசைக்கு மாற்றத் தெரிந்த கை, கண்ணிழந்தோனைத் தொடுமுன் சொல்லித் தொடும் பழக்கம், கூட வந்தோரை விடுத்து நோயாளியையே நோக்கிப் பேசும் ஒழுங்கு ஆகிய இவை கற்றுக்கொள்ளக்கூடியவை. கற்றாரா என்று சோதிக்கக்கூடியவை. அன்புள்ளவர் இவற்றை மகிழ்வோடு கற்பர். அன்பில்லாதவரும் கற்றே தீரவேண்டும். நோயாளிக்கு இருவரிடத்தும் பிழைக்க வழியுண்டாகும்.

மலைக்கு வைத்தியர் கிடைப்பதே அரிது, நிபந்தனைகளைப் பெருக்கினால் எவர் வருவர் என்பது அடுத்த தடை. இது அற்பமான ஆட்சேபமன்று. அனைத்தையும் ஒரே நாளிற் கேட்டால் உள்ள கிளினிக்கும் மூடப்படலாம். ஆகவே செலவில்லாதவற்றை முதலிற் கேட்க வேண்டும். எண் எழுதிய அட்டைக்கு என்ன செலவு? ஏட்டில் செவி கேளாதவர் என்று ஒரு குறியிட எவ்வளவு மை? படிக்குப் பக்கத்தில் சாய்தளம் கட்டவும் தாழும் மேசை வாங்கவும் கால அவகாசம் கொடுக்கலாம். அச்செலவில் தோட்டமும் அரசாங்கமும் பங்கேற்பது முறை. தேநீர் வாங்கிய காசுக்குள் அடங்கும் காரியங்களைக்கூட நாம் இதுவரை கேட்கவில்லை.

பயிற்சிப் பத்திரத்தைச் சுவரில் மாட்டிவிட்டுப் பழையபடியே நடப்பர் என்பது மூன்றாவது தடை. நடக்கலாம். அதற்கு மருந்து, பரிசோதிப்போர் யார் என்பதில் இருக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்குமுன், அக்கிளினிக்குக்குச் சென்றுவரும் மாற்றுத்திறனாளரின் வாக்குமூலத்தைப் பெற வேண்டும் என்பதையும் ஒரு நிபந்தனையாக்குக. உரத்தைச் சோதிக்க நிபுணன் வேண்டும். சாய்தளத்தைச் சோதிக்கச் சக்கர நாற்காலியில் வருவோனே நிபுணன்.

குறையுடையோர் பிறர்க்கு என்ன கற்பிப்பர் என்று ஐயுறுவோர்க்கு வேலூரை நினைவூட்டுவோம். டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954ஆம் ஆண்டு மோட்டார் விபத்தில் இடுப்பின்கீழ் உணர்விழந்தார். அதன்பின் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே குஷ்டரோகிகளின் கைகளுக்குச் சத்திர சிகிச்சை செய்தார். வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு வைத்தியப் பகுதிக்குத் தலைமை தாங்கி, 1966இல் அங்கு மறுவாழ்வு நிலையம் எழக் காரணமானார். அவரிடம் பயின்ற வைத்தியர்க்கு, நோயாளியின் நிலையை விளக்க வேறு நூல் வேண்டியிருந்திராது.

இனிச் செய்ய வேண்டுவது

நம் தந்தையர் அங்கவீனர் என்றனர்; நாம் மாற்றுத்திறனாளர் என்கிறோம். பெயர் உயர்ந்தது நன்றே. ஆனால் பரிசோதனை மேசை தாழவில்லை, படிகள் குறையவில்லை. பெயரை மாற்றியதோடு கடமை தீர்ந்ததென எண்ணுவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

ஆகையால், அன்பர்களே, தோட்டத்திலோ தொழிற்சங்கத்திலோ ஆலயக் கமிட்டியிலோ பொறுப்பு வகிப்போர், வைத்திய ஏற்பாடு குறித்த அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளையேனும் கேட்பீராக. இவ்வொப்பந்தம் செக்ரோலினின்று நீங்கியோரையும் உள்ளடக்குமா? வைத்தியரும் தாதியரும் மாற்றுத்திறனாளரை நடத்தும் பயிற்சி பெற்றனரா? பெறாவிடின் என்ன நேரும் என்று எங்கேனும் எழுதியிருக்கிறதா? விடை கிடைக்காவிடின் கேள்வியையே நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். வெளிநாட்டினின்று வந்து நம்மோடு உழைப்போர்க்காகவும் அதே கேள்வியைக் கேளுங்கள். மொழியறியாத ஊரில் ஊமையைப் போல் நிற்பது எத்தகையதென்று நம் முன்னோர் அறிவர்.

கருணை உடையோர் அதனை வளர்க்க, நாம் தடுப்போமல்லோம். ஆனால் வைத்தியரின் வாயிலில் நிற்பவன் பிச்சைக்காரனல்லன். அவன் கடன்காரர்க்குக் கொடுக்க வேண்டியதெல்லாம் தன் உழைப்பாற் கொடுத்துத் தீர்த்தவன். இனி அவனுக்குச் சேரவேண்டியதை எழுத்தில் வைத்துக் கொடுப்பதே நீதி.