அக்காவா தங்கையா

'சகோதரி நகரம்' என்ற பிரயோகத்தில் எனக்கு ஒரு சங்கடம். சகோதரி மேடையில் வாழும் சொல். வீட்டில் சகோதரி கிடையாது. அக்கா உண்டு, தங்கை உண்டு. யார் மூத்தவள், யார் யாருக்குச் செய்யவேண்டியவள் என்று தீர்மானிக்காமல் தமிழில் அந்த உறவைக் கூப்பிடவே முடியாது. ஆங்கிலத்தில் இந்த நிர்ப்பந்தம் இல்லை, ஸ்பானிஷிலும் இல்லை. உண்மை ஒளிந்துகொள்ள அது சௌகரியமாகவே இருக்கிறது.

அமெரிக்காவின் நியூ ஹேவனும் நிகராகுவாவின் லியோனும் 1984இல் சகோதரிகளாயின. முன்னது யேல் பல்கலைக்கழகத்தின் ஊர். பின்னது, கவி ரூபன் தாரியோ 1916இல் இறந்து, கதீட்ரலுக்குள் ஒரு கல்சிங்கத்தின் அடியில் கிடக்கும் ஊர். ஊர்களுக்குள் இப்படி உறவு வைக்கும் அமெரிக்க இயக்கம், ஐசனோவர் 1956 செப்டம்பர் 11 அன்று வெள்ளை மாளிகையில் கூட்டிய மாநாட்டிலிருந்து பிறந்தது. ஜனங்கள் ஜனங்களோடு நேரே பழகட்டும் என்பது யோசனை. பத்து நாள் கழித்து, இதே லியோனில், ஒரு விருந்தில், ரிகோபெர்த்தோ லோபெஸ் பெரெஸ் என்ற இளங்கவிஞன் சர்வாதிகாரி சொமோசாவைச் சுட்டான். அவனை அங்கேயே கொன்றார்கள். சொமோசாவைக் காப்பாற்ற ஐசனோவர் மருத்துவர்களை அனுப்பினார், பலிக்கவில்லை. வியாக்கியானம் தேவைப்படாத இடம் இது.

1984 இதைவிடச் சிக்கல். சொமோசா வம்சம் 1979இல் விழுந்திருந்தது. புதிய ஆட்சியைக் கவிழ்க்க ரீகன் அரசு கான்ட்ராக்களை வளர்த்தது. அந்த வருஷத் தொடக்கத்தில் நிகராகுவாவின் துறைமுகங்களில் கண்ணிவெடிகளும் வைத்தது. 1986இல் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவைக் குற்றவாளி என்றது. அமெரிக்கா கேட்கவில்லை. ஆக, நியூ ஹேவன்காரர் ஒருவர் வரியாகக் கட்டிய டாலர் அங்கே சுகாதார நிலையத்தைத் தாக்குகிறது. அவரே நன்கொடையாகத் தந்த டாலர் அதற்கு மருந்து வாங்குகிறது. பாங்கில் நாங்களும் கான்ட்ரா என்று ஒரு பதிவு போடுவோம். ஒரே தொகையைப் பற்றிலும் வரவிலும் எழுதினால் சாயங்காலம் கணக்கு நேராகிவிடும். இவர்கள் கணக்கு நேராகாது. தொகைகள் ஒன்றுக்கொன்று உறைபோடக் காணா. ஆனால் அப்போது அது தர்மமும் இல்லை. தன் அரசோடு ஒரு ஊர் கொண்ட பிணக்கு. லியோன் அதில் தங்கை இல்லை, சாட்சி.

1968இல் இவான் இல்லிச் மெக்ஸிகோவின் குவெர்னவாகாவில், சேவை செய்யப் புறப்பட்ட அமெரிக்க மாணவர்களிடம், பார்க்க வரலாம், படிக்க வரலாம், உதவ வரவேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னார். சேவையின் அகங்காரத்தை இவ்வளவு துல்லியமாகத் தொட்டவர்கள் குறைவு. என்றாலும் லியோன் விஷயத்தில் அவர் வாதம் முழுக்கச் செல்லுபடியாகாது. அவர்கள் வராமலிருந்திருக்கலாம், அவர்கள் பணம் ஏற்கெனவே வந்துவிட்டதே, துப்பாக்கியாக.

1990 தேர்தலில் சாந்தினிஸ்டாக்கள் தோற்றார்கள். யுத்தம் ஓய்ந்தது, உறவு ஓயவில்லை. கிராமங்களில் பள்ளி, சுகாதாரம் என்று தொடர்ந்தது. உண்மையான பிரச்னை இங்கேதான் ஆரம்பிக்கிறது. குற்ற உணர்வின் சூடு ஆறியபின் கொடுப்பது ஒரு பழக்கம். பழக்கம் அக்காவை உண்டாக்கிவிடும். லியோனைச் சுற்றிக் கரும்புக்காடு. கரும்பு வெட்டுகிறவர்களின் சிறுநீரகம் இளவயதிலேயே கெட்டுப்போகும் பிரதேசம் அது. சர்க்கரை எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று லியோன் கேட்கலாமா? கேட்டுவிட்டு, அடுத்த வருஷ நன்கொடையையும் எதிர்பார்க்கலாமா? போனவர்கள் அங்கே வீடுகளில் சாப்பிட்ட சோறும் பீன்ஸும் எந்த ஆண்டறிக்கையில் வரவு வைக்கப்படும்? சண்டை போட முடிகிறதா என்பதைத் தவிர சகோதரத்துவத்துக்கு வேறு சோதனை எனக்குத் தெரியவில்லை.

என் பி.ஏ. கட்டணத்துக்கு அக்கா வளையலை அடகு வைத்தாள். உத்தியோகம் கிடைத்ததும் பணத்தோடு போனேன். சிரித்துக்கொண்டே வாங்க மறுத்துவிட்டாள். அதற்கு முன் எதற்கெடுத்தாலும் அடித்துக்கொள்வோம். அவளோடு நான் சண்டை போட்டுப் பதினோரு வருஷமாகிறது.