கைக்கு வந்த கூடுதல்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீண்டு செல்லும் சாலைக் கடைத்தெரு, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், திவான் ராஜா கேசவதாஸின் காலத்தில் உருவானது. தமிழ் வணிகர்கள் பல தலைமுறைகளாக அங்கே கடை வைத்திருக்கிறார்கள். சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன், நான் பிரம்மசாரியாக இருந்தபோது, ஆசிரமப் பூஜைக்கு வேண்டிய கற்பூரம், சாம்பிராணி, திரிநூல் முதலியவற்றை வாங்க அத்தெருவிலுள்ள ஒரு கடைக்கு வாரம் ஒருமுறை செல்வேன். ஒரு நாள் ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்துப் பொருள்களைப் பெற்றுத் திரும்பினேன். இரவு கணக்கு எழுதும்போதுதான் மீதியில் நூறு ரூபாய் கூடுதலாக இருப்பது தெரிந்தது. வங்கியிலிருந்து வந்த புதுத் தாள்கள். இரண்டு ஒட்டிக்கொண்டு ஒன்றாக வந்துவிட்டன.

நூறு ரூபாய் குறைந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? மறுநாள் காலையிலேயே கடைவாசலில் நின்றிருப்பேன். கூடுதலாக இருந்ததால் சிந்திக்கத் தொடங்கினேன். சிந்தனை என்பது கௌரவமான சொல். உண்மையில் என் மனம் ஒரு வழக்கறிஞரைப்போல வாதாடிக் கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய கடைக்கு நூறு ரூபாய் ஒரு பொருட்டா? இத்தனை காலமாக அங்கு வாங்குகிறோமே, எத்தனை முறை எடையில் சிறிது குறைந்திருக்குமோ? நாம் கேட்டா வாங்கினோம்? கடைசியாக வந்த வாதம்தான் எல்லாவற்றிலும் சாமர்த்தியமானது: பணம் பூஜைக் கணக்கில்தானே சேரப்போகிறது, பகவானே அனுப்பியதாக ஏன் கொள்ளக் கூடாது?

நல்லவேளையாக அந்த அளவுக்கு நான் போகவில்லை. நூறு ரூபாயை ஓர் உறையிலிட்டு, கடையின் பெயரை எழுதி, மேஜை இழுப்பறையில் வைத்தேன். அடுத்த முறை போகும்போது கொடுத்துவிடலாம் என்று நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதியைப் பற்றித்தான் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தில் ஐந்து யமங்களுள் ஒன்றாக அஸ்தேயத்தை, அதாவது கள்ளாமையை வைக்கிறார். பிறப்பு, இடம், காலம், சந்தர்ப்பம் ஆகிய நான்கினாலும் எல்லை கட்டப்படாதபோதுதான் இந்த யமங்கள் மகாவிரதமாகின்றன என்கிறார். இதற்கு உரை வகுத்த வியாசர் அஹிம்சையை எடுத்துக்கொண்டு விளக்குகிறார். மீனைத் தவிர வேறு எதையும் கொல்வதில்லை என்கிறான் மீனவன். புண்ணியத் தலத்தில் கொல்ல மாட்டேன் என்கிறான் இன்னொருவன். சதுர்த்தசியன்று மட்டும் கொல்ல மாட்டேன் என்கிறான் மற்றொருவன். தேவர்களுக்காகவும் பிராமணர்களுக்காகவும் அன்றி வேறு எதற்கும் கொல்ல மாட்டேன் என்பவன் நான்காமவன். விரதம் இவர்களிடமும் இருக்கிறது. ஆனால் அதற்கு வேலி இருக்கிறது. பூஜைக்காகத்தானே என்று வாதாடிய என் மனம் அந்த நான்காமவன் பக்கத்தில் போய் நின்றது. ஏழைக் கிழவியின் காய்கறிக் கடையென்றால் ஓடிப்போய்த் திருப்பிக் கொடுப்போம், பெரிய அங்காடியென்றால் பேசாமல் இருப்போம் என்பவர்களும் நம்மிடையே உண்டு. அதுவும் வேலியிட்ட விரதமே.

சட்டத்திற்கு இந்தக் குழப்பம் இல்லை. தவறுதலாகத் தனக்குத் தரப்பட்ட பணத்தைப் பெற்றவர் திருப்பித் தந்தே ஆக வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 72-ஆம் பிரிவில் கூறுகிறது. இன்று சில்லறைக்குப் பதிலாகச் செல்பேசியைக் காட்டிப் பணம் செலுத்துகிறோம். ஓர் எண் மாறினால் யாரோ ஒருவரின் பணம் நம் கணக்கில் வந்து விழுகிறது. அதற்கும் இதே விதிதான்.

ஆனால் சட்டம் எட்டாத ஓரிடம் உண்டு. தெரிந்து கொடுப்பது வேறு, தெரியாமல் கைநழுவுவது வேறு. காய்கறிக்காரர் கொத்துமல்லியைக் கொசுறாகப் போடும்போது அவர் மனமும் அதோடு சேர்ந்து வருகிறது. பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கொசுறை விடச் சொன்னவரல்லர். இளைஞராக இருந்த யோகின் (பிற்காலத்தில் சுவாமி யோகானந்தர்) கடைக்காரரின் தர்ம புத்தியை நம்பி, சோதித்துப் பாராமல் இரும்புச் சட்டி ஒன்றை வாங்கி வந்தார். அது விரிசல் கண்டிருந்தது. பக்தனாக இருப்பதற்காக ஏமாளியாக இருக்க வேண்டுமா என்னும் பொருளில் குருதேவர் கடிந்துகொண்டார். நாலு கடையில் விலை விசாரித்து, பொருளைச் சோதித்து, கொசுறு உண்டென்றால் அதையும் கேட்டு வாங்கி வா என்றார். ஆகவே மீதி குறைந்தால் கேட்பது உலகப் பற்று என்று எந்த அன்பரும் கூச வேண்டியதில்லை.

அதே குருதேவரின் வாழ்வில்தான் இதுவும் நிகழ்ந்தது. தட்சிணேசுவரக் கோயிலுக்கு அருகில் சம்பு மல்லிக்கின் தோட்டம் இருந்தது. குருதேவரின் வயிற்றுக் கோளாறுக்குச் சிறிது அபின் நல்லது, போகும்போது என்னிடம் வாங்கிச் செல்லுங்கள் என்று சம்பு சொல்லியிருந்தார். பேச்சில் இருவரும் அதை மறந்துவிட்டனர். வெளியே வந்தபின் நினைவு வரவே குருதேவர் திரும்பிச் சென்றார். சம்பு உள்ளே போய்விட்டிருந்தார். ஊழியர் ஒருவர் அபின் பொட்டலத்தைக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நடந்தால் கோயிலுக்குப் போகும் வழி கண்ணுக்குத் தெரியவில்லை. கால்கள் பள்ளத்தை நோக்கி இழுத்தன. சம்புவின் தோட்டப் பக்கம் பார்த்தாலோ வழி தெளிவாகத் தெரிந்தது. தன்னிடம் வாங்கிக்கொள்ளச் சொன்னவரிடம் சொல்லாமல் வேறொருவரிடம் பெற்று வந்ததே காரணம் என்று உணர்ந்து, திரும்பிப் போய்ப் பொட்டலத்தை ஜன்னல் வழியே உள்ளே எறிந்தார். அதன்பின் வழி தெரிந்தது.

இதை மேலோட்டமாகப் படித்தால் மிகையென்று தோன்றலாம். சம்பு மனமுவந்து தந்திருப்பார் என்பதில் ஐயமே இல்லை. ஆனாலும் கொடுப்பவரின் அறிவு அந்தப் பொட்டலத்தோடு வரவில்லை. என் இழுப்பறையிலிருந்த நூறு ரூபாயோடு வந்திருந்ததோ அறிவுமில்லை, சம்மதமுமில்லை. அதோடு நான் நிம்மதியாகத் தூங்கினேன். குருதேவருக்கு ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை.

2021 மார்ச் மாதம் கேரளத்தில் நடந்ததைப் பலர் செய்தித்தாளில் படித்திருப்பார்கள். ஆலுவாவில் லாட்டரிச் சீட்டு விற்கும் பெண்மணி ஒருவரிடம், வாடிக்கையாளர் ஒருவர் இருநூறு ரூபாய்ச் சீட்டைத் தொலைபேசியிலேயே கடனாகச் சொல்லி வைத்திருந்தார். பணமும் தரவில்லை, சீட்டும் விற்றவரிடமே இருந்தது. அதற்கு ஆறு கோடி ரூபாய் விழுந்தது. அந்தப் பெண்மணி அன்றிரவே அவர் வீட்டுக்குச் சென்று சீட்டைக் கொடுத்துவிட்டு இருநூறு ரூபாயைப் பெற்றுக்கொண்டார். (லாட்டரி வாங்குவதை நான் போற்றவில்லை, அது வேறு விஷயம்.) அந்தச் செய்தியில் ஆறு கோடியைவிட 'அன்றிரவே' என்னும் சொல்தான் என்னைத் தைத்தது. ஆறு கோடியை வைத்துக்கொண்டு அவர் மறுநாள் வரை காத்திருக்கவில்லை. நூறு ரூபாயை வைத்துக்கொண்டு நான் ஏழு நாட்கள் காத்திருந்தேன்.

எட்டாம் நாள் கடைக்குச் சென்று உறையை நீட்டினேன். முதலாளி பார்த்தவுடனே புரிந்துகொண்டார். "அன்னைக்கு ராத்திரியே கல்லாவுல இடிச்சுது சாமி. பையன் சம்பளத்துல எழுதியாச்சு" என்று சொல்லி, நோட்டைப் புரட்டி ஒரு வரியை அடித்தார். அந்த இளைஞர் நாகர்கோவில் பக்கத்தவர். நூறு ரூபாய் அப்போது ஏறக்குறைய அவருடைய ஒரு நாள் கூலி. சனிக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவைப் பார்ப்பதாக இருந்தாராம். கையில் பணம் குறைந்ததால் போகவில்லை. "அடுத்த வாரம் போய்க்கலாம் சாமி, பரவாயில்ல" என்றார். பெரிய கடைக்கு நூறு ரூபாய் ஒரு பொருட்டா என்று கேட்டிருந்தேனே, அது கடையின் நூறு ரூபாயாக ஒரு நாள்கூட இருக்கவில்லை.

முதலாளி தேநீர் வரவழைத்தார். இந்தக் காலத்தில் யார் திருப்பிக் கொண்டுவந்து தருகிறார்கள் என்று பக்கத்துக் கடைக்காரரிடமும் சொன்னார். முதுகலை வகுப்பில் படித்த இம்மானுவேல் காண்ட் அப்போது நினைவுக்கு வந்தார். அறநெறியின் அடிப்படை பற்றி 1785-இல் வெளியிட்ட நூலில் அவர் ஒரு கடைக்காரரைக் காட்டுகிறார். குழந்தை வந்து வாங்கினாலும் அவர் ஒரே விலைதான் சொல்கிறார். மக்களுக்கு நேர்மையாகப் பொருள் கிடைக்கிறது. ஆனால் அதைக் கொண்டு மட்டும் அது கடமையுணர்வால் வந்த நேர்மை என்று நம்பிவிட முடியாது, வியாபாரத்திற்கு நல்லது என்பதால் வந்தது அது என்கிறார் காண்ட். நானும் தேநீரைக் குடித்தேன், இனிப்பாகவே இருந்தது. அந்த இளைஞர் மட்டும் எங்கள் பக்கம் திரும்பாமல் கற்பூரம் நிறுத்துக் கொண்டிருந்தார்.

அதன்பின் நான் போன போதெல்லாம் அவர் ஒவ்வொரு தாளையும் இரு விரலுக்கிடையே தேய்த்துப் பார்த்து, வாய்விட்டு எண்ணிக் கொடுத்தார். நானும் படியிறங்காமல் அங்கேயே நின்று, அவர் பார்க்க, ஒருமுறை எண்ணிவிட்டுத்தான் பையில் வைத்தேன்.